சரிவில் ஊன்றும் கால்: தசை இறுக்கமுள்ள குழந்தைகளுக்கு நீலகிரியில் சிகிச்சை

மேட்டுப்பாளையத்தில் சமதளத்தில் தடுமாறாமல் நடக்கும் குழந்தை, குன்னூர் வந்து சேர்ந்ததும் விழ ஆரம்பிக்கிறது. தசையைத் தளர்த்தப் போட்ட ஊசி வேலை செய்யவில்லை, காலைப் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ளின்ட் சரியில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல சமயம் ஊசியிலும் குறையில்லை, ஸ்ப்ளின்ட்டிலும் குறையில்லை. கணுக்காலை 90 டிகிரியில் அசையாமல் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற ஸ்ப்ளின்ட் போட்டுச் சமதளத்தில் நின்றால் முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும். அதே காலை இறக்கத்தில் ஊன்றினால் பாதம் சரிவோடு சாய்கிறது. கணுக்கால் வளையாததால் முழங்கால் முன்னுக்குத் தள்ளப்பட்டு, குழந்தை உட்காரப் போவது போல மடங்குகிறது. ஏற்றத்தில் நேர் எதிர்: கால் பின்னுக்குச் சாய்ந்து முழங்கால் பின்பக்கமாக வளைகிறது, இல்லாவிட்டால் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது.

கணுக்காலில் கீல் வைத்த ஏ.எஃப்.ஓ. ஏற்றத்தில் உதவும். ஆனால் முழங்கால் மடங்கிக் கூனி நடக்கும் குழந்தைக்குக் கீல் வைத்தால் அந்தக் கூனல் இன்னும் கூடும். ஆகவே அளவெடுக்கும் நாளிலேயே வீட்டுப் பாதையைச் சொல்லுங்கள். வாசலிலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, பள்ளிக்கூடம் வீட்டுக்கு மேலேயா கீழேயா, தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையா, கைப்பிடி உண்டா என்று சொல்லுங்கள். செல்போனில் பாதையைப் படமெடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து அளவெடுப்பவருக்கு அந்தச் சரிவு தானாகத் தெரியாது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஊசி போடுவதும், மாவுக்கட்டு கட்டுவதும், அறுவை சிகிச்சை செய்வதும் கீழே சமவெளியில் சில நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மாதக்கணக்கான வேலை மேலே, உங்கள் வீட்டில் நடக்கவேண்டும். அதை நடத்த முடியுமா என்று பார்த்துத்தான் எந்தச் சிகிச்சை, எந்த மாதத்தில் என்று தீர்மானிக்க வேண்டும்.

முதலில் எது இறுக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை பழுதானால், தசையை அடக்கி வைக்கும் கட்டளை குறைந்துபோகிறது. அப்போது தசையை வேகமாக இழுத்தால் அது பதிலுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இதுதான் ஸ்பாஸ்டிசிட்டி. குழந்தைகளில் இதற்கு முக்கியக் காரணம் மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி.

வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை நீட்டிவிடுங்கள். குதிகாலை உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடித்து, முன்கையைப் பாதத்தின் அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, பாதத்தை முகத்துப் பக்கமாக மெதுவாக, மனசுக்குள் ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மடக்குங்கள். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இப்போது அதையே ஒரே வீச்சில் வேகமாக மடக்குங்கள். பாதி வழியில் ஏதோ 'டக்' என்று பிடித்து நிறுத்துவது போலக் கை உணரும். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் முக்கியம். வேகமாக மடக்கும்போது சீக்கிரம் பிடித்து, மெதுவாக மடக்கும்போது நிறைய வந்தால், அங்கே நரம்பின் இறுக்கம் அதிகம். மருந்தும் ஊசியும் வேலை செய்யும் இடம் அது. மெதுவாக மடக்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் தசையே குட்டையாகிவிட்டது. அதற்கு எந்த மாத்திரையும் உதவாது. மாவுக்கட்டு வேண்டும், அல்லது அறுவை சிகிச்சை வேண்டும். டார்டியூ அளவுகோல் என்று மருத்துவர்கள் எழுதுவது இந்த வித்தியாசத்தைத்தான். எண்ணை நோட்டில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த சிகிச்சை பலன் தந்ததா என்று சொல்ல வேறு ஆதாரம் இருக்காது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். தூங்கும்போது முழுக்கத் தளர்ந்து, அழுதாலோ பேச முயன்றாலோ உடம்பு முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் டிஸ்டோனியா. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். டிஸ்டோனியாவுக்கு மருந்து மாறலாம், ஸ்பாஸ்டிசிட்டிக்காகச் செய்யும் நரம்பு அறுவை சிகிச்சை அதற்குப் பலனும் தராது.

இறுக்கம் திடீரென்று கூடினால் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் உடம்பில் எங்கே தொந்தரவு என்று தேடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல், விரலைக் கடிக்கும் ஷூ, படுக்கைப் புண், நழுவத் தொடங்கிய இடுப்பு மூட்டு. வாய் திறந்து சொல்ல முடியாத குழந்தையின் வலி இப்படித்தான் வெளிவருகிறது. இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் காரணம் நான்கு நாள் மலச்சிக்கல் என்று தெரியவருவது அபூர்வமில்லை.

மலையில் இந்தப் பட்டியலில் குளிரும் சேரும். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் நாட்களில் தசை காலையில் கட்டை போல இருக்கும். அந்த நேரத்தில் இழுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில், உடல்சூடு அளவு போதும், உட்காரவைத்துவிட்டுத் துடைத்து, கம்பளி போர்த்தி, அதன் பிறகு பயிற்சி செய்யுங்கள். வெந்நீர்ப் பையைக் காலோடு ஒட்டி வைக்க வேண்டாம். சூட்டைச் சொல்லத் தெரியாத குழந்தைக்குத் தோல் வெந்துபோகும். மூடிய அறையில் கரிக் கணப்புச் சட்டியும் கூடாது. புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அது இல்லாவிட்டாலும், திடீரென்று உதறும் ஒரு கால் சட்டியைத் தட்டிவிடப் போதும். பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் சில்லென்று இருக்கிறது என்று அடுப்பருகே வைப்பவர்கள் உண்டு, அது உருகி வடிவம் மாறிவிடும். போடுவதற்கு அரைமணி முன்பு போர்வைக்குள் வைத்தால் போதும். கம்பளி சாக்ஸை ஸ்ப்ளின்ட்டுக்கு உள்ளே போடாதீர்கள், இறுக்கிப் பிடிக்கும். உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ், அதன்மேல் ஸ்ப்ளின்ட், அதற்கும் மேல் கம்பளி.

பயிற்சிக்கு வருவோம். கெண்டைக்காலை இழுக்கும்போது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, விரல் பக்கத்தைப் பிடித்துத் தள்ளுவது. அப்படித் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதி உடைந்தாற்போல வளையும். மேலே பார்த்தால் பாதம் நன்றாக மடங்கியதாகத் தோன்றும், குதிகால் ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்காது. நாளடைவில் பாதம் படகின் அடிபோல வளைந்துவிடும். குதிகாலைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும், குதிகாலை லேசாக உள்பக்கம் திருப்பிப் பூட்டிக்கொண்டு. முழங்கால் நீட்டியபடி ஒரு முறை, மடக்கியபடி ஒரு முறை. இரண்டும் வெவ்வேறு தசைகள். 30 முதல் 60 நொடி பிடித்து, நான்கைந்து தடவை.

ஆனால் இந்த ஐந்து நிமிடம் மட்டும் தசையை வளர்க்காது. கெண்டைக்காலின் உள்தசை குட்டையாகாமல் இருக்க ஒரு நாளில் எவ்வளவு நேரம் இழுவையில் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து 1988-ல் வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரம் இருந்த குழந்தைகளுக்குச் சுருக்கம் கூடியது, ஆறு மணி நேரம் இருந்தவர்களுக்குக் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் வீட்டுக்கு வழிகாட்டுகிறது. ஆறு மணி நேரத்தைக் கையால் இழுத்துக் கொடுக்க யாராலும் முடியாது. ஸ்ப்ளின்ட், நிற்கும் சட்டம், உட்காரும் விதம், தூக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நேரத்தைத் தர வேண்டும்.

தூக்கும் விதத்தைச் சொல்கிறேன். கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும் குழந்தையை இரண்டு காலையும் சேர்த்து அணைத்துத் தூக்கினால் தொடையின் உள்தசைக்கு நாள் முழுக்க இறுகும் பயிற்சி கிடைக்கிறது. இடுப்பில் கால் அகட்டி உட்காரவைத்துத் தூக்கினால், ரேஷன் கடைக்குப் போய்வரும் நேரமெல்லாம் அந்தத் தசைக்கு இழுவைதான். நிற்கும் சட்டத்தில் தினம் ஒரு மணி நேரம், கால்களை அகட்டி. சட்டம் விலைக்கு வாங்க முடியாவிட்டால் உள்ளூர் ஆசாரியிடம் அளவு கொடுத்துச் செய்யலாம்; மார்பு, இடுப்பு, முழங்கால் மூன்று இடத்திலும் அகலமான பட்டை, நடுவில் கால்களைப் பிரிக்கும் ஒரு கட்டை, அடிப்பலகை சமமாக இருக்க வேண்டும். சரிவான முற்றத்தில் வைக்காதீர்கள்.

ஸ்ப்ளின்ட் போட்ட பிறகு குதிகால் உண்மையிலேயே அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, குதிகால் இடத்தில் சின்னத் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். துளையில் சாக்ஸ் தெரியாமல் இருட்டு தெரிந்தால் குதிகால் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். சிவப்புத் தடம் 20, 30 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம், திருப்பிக் கொண்டுபோய் சரிசெய்ய வேண்டும். விரல் நுனி ஸ்ப்ளின்ட்டின் அடித்தட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் புதியது எடுக்கும் நேரம்.

படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தையை முரட்டுத்தனமாக எண்ணெய் தேய்த்து இழுப்பவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். நின்று பழகாத எலும்பு மெலிந்திருக்கும், சில வலிப்பு மருந்துகள் வைட்டமின் டி-யைக் குறைத்து அதை இன்னும் மெலிய வைக்கும். முழங்காலை நீட்டப்போய் அதற்கு மேலேயே தொடை எலும்பு முறிந்துவிடும்.

மாத்திரைகளில் பேக்லோஃபென்தான் பரவலாகக் கொடுக்கப்படுவது. உடம்பு முழுக்க இறுக்கம் உள்ள குழந்தைக்குப் பொருத்தம். ஒரு கணுக்காலுக்காக மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு, மூன்று வேளையாகப் பிரித்து மருத்துவர் ஏற்றுவார். தூக்கக் கலக்கம், எச்சில் வடிதல், மலச்சிக்கல் வரலாம், வலிப்பு உள்ள குழந்தைக்கு வலிப்பு கூடலாம். 10 மில்லிகிராம் மாத்திரையை நாலாக உடைக்கும்போது துண்டுகள் சமமாக வராது; சிறு குழந்தைக்குத் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். பேக்லோஃபென் 25 மில்லிகிராமிலும் வருகிறது. கடையில் அட்டையை வாங்கியதும் அங்கேயே எண்ணைப் படியுங்கள்.

இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், காய்ச்சல் கொதிக்கும், இல்லாததைப் பார்த்துக் குழந்தை அலறும், வலிப்பு வரும். மலையில் இது வெறும் எச்சரிக்கை இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து சாலைகள் துண்டானது போல இன்னொரு நவம்பர் வராது என்று யாரும் சொல்ல முடியாது. சின்ன ஊர்க் கடைகளில் இந்த மருந்து எப்போதும் இருக்காது. மழைக்காலம் தொடங்கும் முன்பே இரண்டு வாரத்துக்கு அதிகமாக வாங்கி வையுங்கள். வாந்தி எடுத்து ஒரு நாளுக்கு மேல் மாத்திரை தங்காவிட்டாலும் அது நிறுத்தியதற்குச் சமம், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரவில் கால் இழுத்து இழுத்து விழித்து அழும் குழந்தைக்குப் படுக்கும் நேரத்தில் குறைந்த அளவு டயாசெபம் கொடுப்பதுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, அப்படிக் கொடுத்தபோது இறுக்கம் குறைந்து அசைவுகள் கூடியதைக் காட்டியது. விலை மிகக் குறைவு. ஆனால் நீண்ட நாள் ஓட்டக் கூடாது, சளி கட்டியிருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

போட்டுலினம் ஊசி ஒன்றிரண்டு தசைகளில் மட்டும் இறுக்கம் உள்ள குழந்தைக்கு. நரம்பு முனையில் தசைக்குப் போகும் செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. சில நாட்களில் வேலை தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். அளவு எடைக்கு ஏற்றது. போட்டாக்ஸ் வகையில் காலுக்கு ஒரு கிலோவுக்கு 4 முதல் 8 யூனிட், மொத்தம் 300-ஐத் தாண்டாமல் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் ஏற்ற அளவு. 15 கிலோ குழந்தைக்கு 8 என்று வைத்தால் 120 யூனிட். 100 யூனிட் குப்பி ஒன்று போதாது. செலவைக் கேட்கும்போதே எத்தனை குப்பி என்று கேளுங்கள். இன்னொரு போட்டுலினம் வகையான டிஸ்போர்ட்டின் யூனிட் வேறு கணக்கு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, கலக்கி மிஞ்சியதை அடுத்த தடவைக்கு வைக்க முடியாது.

ஊசிக்குப் பிறகு கிடைக்கும் பன்னிரண்டு வாரம்தான் உண்மையான சிகிச்சைக் காலம். தளர்ந்த தசையை இழுத்து, எதிர்த்தசையை வலுவாக்கி, ஸ்ப்ளின்ட் போட்டு நடக்கவைக்காவிட்டால் ஊசி கரைந்ததும் பழைய இடத்திலேயே வந்து நிற்பீர்கள். அதனால்தான் மாதத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் மே கடைசியில் ஊசி போட்டால் பன்னிரண்டு வாரமும் தென்மேற்குப் பருவமழையில் போய்விடும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் ஆகாது. ஜனவரி கடைசியில் போட்டுக்கொண்டால் காய்ந்த மாதங்களில் வாராவாரம் பயிற்சிக்குப் போய்வரலாம். மூன்று மாதம் தள்ளிப்போவதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அவசரப்பட்டுப் போட்டு வீணாக்கினால் பணமும் போய், குழந்தையின் பொறுமையும் போகும்.

சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம். போட்டபின் சில நாட்களில், வாரங்களில்கூட, விழுங்கும்போது புரையேறினாலோ, குரல் மெலிந்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். படுத்த நிலையில் இருக்கும், ஏற்கெனவே புரையேறும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஊசி போட்ட சீட்டைக் கையோடு வைத்திருங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

தசை கொஞ்சம் குட்டையாகியிருந்தால் மாவுக்கட்டு. வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரித்து, கிடைத்த இடத்திலிருந்து இன்னும் சில டிகிரி மடக்கிக் கட்டுவார்கள். இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் முடியும். ஊசியோடு சேர்த்தால், ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கட்டலாம். சாதா மாவு முழுக்கக் காய ஒன்றிரண்டு நாள் வேண்டும், மஞ்சு மூடிய நாளில் இன்னும் கூடும். அதற்குள் ஊன்றினால் நொறுங்கும். ஃபைபர் கட்டு அரைமணியில் இறுகிவிடும், ஆனால் வெட்ட இயந்திரம் வேண்டும். கட்டிய அன்றே பேருந்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையேறினால் கால் வீங்கும். மடியில் உயர்த்தி வைத்து வாருங்கள். கட்டுப் போட்டாயிற்று என்று மறந்துவிடவும் வேண்டாம்: கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் நீலமானாலோ, சில்லிட்டு வீங்கினாலோ, என்ன கொடுத்தும் அழுகை நிற்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கீழே இறங்கும் முன்பே, இரவில் கட்டு பிரிக்கும் வசதி உங்களுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு மூட்டைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் நழுவுகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வில் செரிப்ரல் பால்சி குழந்தைகளில் சுமார் 35 சதவீதத்தினருக்கு இடுப்பு விலகியிருந்தது. தனியாக நன்றாக நடப்பவர்களில் யாருக்கும் இல்லை. தலையே நிற்காத குழந்தைகளில் 90 சதவீதம். நடக்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு முறை இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள், இதற்கு மலையிறங்கத் தேவையில்லை. தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருக்கும் அளவு 30 சதவீதத்தைத் தாண்டினால் எலும்பு அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அறுவை சிகிச்சையில் ஒரு எச்சரிக்கை. நுனிக்காலில் நடக்கிறது என்று சின்ன வயதிலேயே குதிநாணை மட்டும் நீளமாக்கிவிட்டால், சில வருடத்தில் கணுக்கால் தாங்காமல் முழங்கால் மடங்கிக் கூனி நடக்கும் நிலை வரும். நுனிக்கால் நடையைவிட அது மோசம், சரிசெய்வது கடினம். இரண்டு காலும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு முடிந்தவரை ஊசி, கட்டு, ஸ்ப்ளின்ட்டில் ஓட்டி, ஆறு வயதுக்கு மேல் தேவையான எல்லாவற்றையும் ஒரே அமர்வில் செய்வது நல்லது. பிறகு ஒரு வருடம் பயிற்சி. முதல் ஆறு வாரம் கட்டோடு உள்ள குழந்தையைப் படிகளில் யார் தூக்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் பேக்லோஃபென் செலுத்தும் பம்ப் நல்ல சிகிச்சைதான். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், தவறினால் உயிருக்கே ஆபத்து, சாலை மூடும் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உணர்வு நரம்பு வேர்களைத் தேர்ந்து வெட்டும் ரைசாட்டமி, காலில் மட்டும் இறுக்கமும் நல்ல தசை வலிமையும் உள்ள சில குழந்தைகளுக்குப் பொருந்தும். சில குழந்தைகள் நிற்பதே அந்த இறுக்கத்தை ஊன்றித்தான்; அதை எடுத்துவிட்டால் நிற்கவும் முடியாது. ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை அடகு வைக்காதீர்கள். செரிப்ரல் பால்சிக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி அது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், ஆய்வில் சேருபவரிடம் பணம் கேட்கக் கூடாது.

உதவிக்கு, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். பள்ளி வயதுக் குழந்தைக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் சேர்த்து. மாற்றுத்திறனாளி அட்டையை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் அதைக் கேட்கும்.

கடைசியாக ஒரு தாள். குழந்தையின் எடை, இரண்டு கணுக்காலும் மெதுவாகவும் வேகமாகவும் நின்ற டிகிரி, மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் வேளையும், கடைசி ஊசி எந்தத் தேதி எந்தத் தசை எத்தனை யூனிட், கடைசி இடுப்பு எக்ஸ்ரே தேதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதிகப்படி மாத்திரை அட்டையோடு சேர்த்து, மழைக்காலத்தில் கதவுக்குப் பின்னால் கைக்கெட்டும் ஆணியில் மாட்டுங்கள்.